ஏழு கன்னி மலை விமானம்: உங்கள் வீட்டில் என்ன சொன்னார்கள்?

நோட்டன்காரன்:
1974-இல் நம் இலங்கை மலையகத்து ஏழு கன்னி மலையில் மோதி நொறுங்கிய ஹஜ் விமானத்தின் டயர் எங்கள் நோட்டனில் இருப்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். போன வருசம் மழை நேரத்தில் அதன் பக்கத்தில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவர் வயதான இந்தோனேசியர், கூட மகன். பெரியவர் போட்டோ எதுவும் எடுக்கவில்லை. டயரில் படிந்திருந்த பாசியை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றார். அப்புறம் டிரைவர் மூலமாக என்னிடம் கேட்டார்: "பெண்களைத் தனியாக அடக்கம் செய்தார்களா?" ஹஜ்ஜுக்குக் கிளம்பி வந்த 182 பேர், ஊழியர்கள் 9 பேர். யாரை எங்கே வைத்தார்கள் என்று நான் என்னத்தைச் சொல்ல? உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது சொல்லியிருந்தால் எழுதுங்கள்.

மஸ்கெலியா பேத்தி:
அடக்கம் பற்றித் தெரியாது. ஆனால் எங்கள் அப்பாயி சாகும்வரை சொன்னது ஒன்றுதான்: "நெருப்போடதான் வந்துச்சு." பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு வாசலுக்கு வந்திருக்கிறார். மலைப்பக்கம் வானம் சிவந்து கிடந்ததாம். பிறகு எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) தகரம் முழுக்க அதிர்ந்து, அடுப்படியில் சட்டி உருண்டது. மலையில் மோதுவதற்கு முன்னாலேயே ஏதோ நடந்திருக்கிறது, அதை யாரும் வெளியே விடவில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஹட்டன் அண்ணாச்சி:
தங்கச்சி, நெருப்போடு வரவில்லை. வெளிச்சம் முதலில் தெரியும், சத்தம் பிறகுதான் வந்து சேரும். அப்பாயி பார்த்தது மோதிய பிறகு எழும்பிய தீ. 1974 டிசம்பர் 4, இரவு 10 மணி தாண்டி. சுரபாயாவிலிருந்து ஜித்தா போகிற வழியில் எண்ணெய் அடிக்கக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்க வேண்டியது. விமான நிலையம் கிட்ட வந்துவிட்டது என்று நினைத்துக் கீழே இறக்கியிருக்கிறார்கள், உண்மையில் சுமார் 40 கடல்மைல் கிழக்கே, நம் மலைக்கு மேல். விமானத்தில் இருந்த, போகிற வேகத்தை அளந்து இடத்தைக் கணிக்க உதவும் டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பி இடத்தைத் தப்பாகக் கணித்தார்கள் என்பதுதான் விசாரணை முடிவு. என்னை உறுத்துவது வேறு: ஓடுபாதை விளக்கு ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்காமல் எந்தத் தைரியத்தில் அவ்வளவு கீழே வந்தார்கள்? என் அனுபவம் என்றால், சின்ன வயதில் ஒரு வீட்டில் அதன் தகட்டுத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பாரமே இல்லை.

மஸ்கெலியா பேத்தி:
சரி அண்ணே. விசாரணை செய்தவர்கள் லயத்துக்கு வந்து ஒரு ஆளிடமாவது கேட்டார்களா?

கொழுந்து மடுவம்:
இதையெல்லாம் வாசித்துவிட்டு இளசுகள் மலையேறக் கிளம்புவார்கள், அதனால் சொல்கிறேன். தை, மாசியில் போங்கள். வைகாசிக்குப் பிறகு மழை பிடித்தால் பாறை வழுக்கும், அட்டை விடாது. சவர்க்காரத்தைக் காலில் நன்றாகத் தேய்த்துக்கொள்ளுங்கள், உப்பு மழையில் கரைந்துவிடும். தோட்டத்து ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், பகல் ஒரு மணிக்கு மேல் ஏறவே வேண்டாம், மூட்டம் இறங்கினால் முன்னால் போகிறவனின் முதுகு தெரியாது. முக்கியமாக, அங்கே கிடப்பது எதையும் பையில் போடாதீர்கள். எங்கள் மாமா ஒரு கம்பித் துண்டைக் கொண்டுவந்தார். அம்மாயி அவரை வாசற்படி ஏறவிடவில்லை, அந்த இருட்டிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வரச் சொன்னார். அவ்வளவுதான் என் கதை.

பொகவந்தலாவைப் பொடியன்:
ஒரு ஆள் பிழைத்தான் என்று எங்கள் பெரியப்பா சொல்வார். விடியக்காலையில் சட்டை கிழிந்து, பாஷை புரியாமல், லயத்து வாசலில் நின்றானாம். கஞ்சி குடித்தானாம்.

ஹட்டன் அண்ணாச்சி:
தம்பி, 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. பெரியப்பா 1978 நவம்பரில் கட்டுநாயக்கா பக்கம் தென்னந்தோட்டத்தில் விழுந்த இன்னொரு விமானத்தோடு குழப்புகிறார். அதுவும் இந்தோனேசிய ஹஜ் பயணிகள் வந்ததுதான், அதே டிசி-8 ரக விமானம். அதில் 183 பேர் இறந்தார்கள், 79 பேர் தப்பினார்கள்.

பொகவந்தலாவைப் பொடியன்:
பெரியப்பா கட்டுநாயக்காப் பக்கமே போனதில்லை அண்ணே. அப்போ கஞ்சி குடித்தது யார்?