அவசரம்: ரெண்டு பேஷண்ட் ரெக்கார்டு ஒண்ணாயிடுச்சு, பிரிக்க முடியுமா?

ரெக்கார்டு_ரூம், தண்டையார்பேட்டை, இரவு 9.42
ஒரே பேர்ல ரெண்டு எண்ட்ரி இருந்துச்சு. டூப்ளிகேட்னு நினைச்சு மெர்ஜ் குடுத்துட்டேன். ரெண்டும் வேற வேற ஆளுன்னு இப்பத்தான் தெரியுது. திரும்பப் பிரிக்க வழியே காணோம். தெரிஞ்சவங்க உடனே சொல்லுங்க ப்ளீஸ். கை நடுங்குது.

கோட்_எழுதுறவன், 9.47
எந்த சாஃப்ட்வேர்? சர்வர் ஆஸ்பத்திரிக்குள்ளயா, கிளவுடா? மெர்ஜ் பண்ணி எவ்வளவு நேரமாச்சு? கடைசி பேக்கப் எப்ப? இது தெரியாம ஒண்ணும் சொல்ல முடியாது.

வியாசை_ஹெல்ப்டெஸ்க், 9.51
எல்லாருக்கும் ஆபா நம்பர், அதான் அரசாங்கம் குடுக்கற ஹெல்த் ஐ.டி., போட்டிருந்தா இந்தப் பிரச்சனையே வந்திருக்காது. 14 இலக்கம், பேரு மாதிரி குழப்பம் கிடையாது. நாளைக்கே கவுண்டர்ல ஆரம்பிங்க.

சீனியர்_ஆடிட், 9.58
தம்பி, இது சாஃப்ட்வேர் பிரச்சனை இல்ல. ரெண்டு அடையாளமாவது ஒத்துப் பார்க்கணும்ங்கறது முதல் நாள் பாடம். அது தெரியாம மெர்ஜ் பட்டன்ல யார் கை வைக்கச் சொன்னது? இருபது வருஷமா ஆடிட் போறேன், எங்க போனாலும் இதே கதை. முதல்ல உங்க பாலிசியை எடுத்துப் படிங்க, அப்புறம் வந்து கேளுங்க.

வார்டு_சிஸ்டர், ராயபுரம், 10.03
அதெல்லாம் அப்புறம். ரெண்டு பேர்ல யாராவது இப்ப அட்மிஷன்ல இருக்காங்களா? இருந்தா கம்ப்யூட்டரை விட்டுட்டு வார்டுக்குப் போம்மா. அலர்ஜி, பிளட் குரூப், சாப்பிடற மாத்திரை, இந்த மூணையும் ஸ்க்ரீனைப் பார்த்து நம்ப வேணாம்னு டியூட்டி டாக்டர்கிட்ட நேர்ல சொல்லு. ரத்தம் ஏத்தறதா இருந்தா புது சாம்பிள் எடுத்து, ரத்தம் ஒத்துப்போகுதான்னு பார்க்கற கிராஸ்மேட்ச்சும் புதுசா பண்ணச் சொல்லு.

ரெக்கார்டு_ரூம், 10.20
சொல்லிட்டேன் சிஸ்டர். ஒருத்தர் வார்டுல, காலையில ஆபரேஷன். இன்னொருத்தர் ஓ.பி. ரெண்டு பேரும் ஓரகத்திங்க, ஒரே வீடு, ஒரே பேர், வயசு ரெண்டு வருஷம்தான் வித்தியாசம். போன் நம்பர் வீட்டுப் பையனோடது, ரெண்டுக்கும் அதேதான். இனிஷியல் மட்டும்தான் வேற. ஒரு எண்ட்ரில அதையும் போடாம விட்டிருக்காங்க. மெர்ஜ் பண்ணது சாயந்திரம் ஆறு மணி. சர்வர் எங்க மாடியிலதான், பேக்கப் தெனம் நடுராத்திரி. இப்ப அலர்ஜி "இல்லை"ன்னு காட்டுது. ஸ்க்ரீன்ஷாட் போடறேன் பாருங்க.

நெறியாளர், 10.24
ஸ்க்ரீன்ஷாட்டை எடுத்துட்டேன். பேரும் நோயும் அப்படியே தெரிஞ்சுது. பேரை மறைச்சும் போட வேணாம்.

கோட்_எழுதுறவன், 10.31
இப்பத்தான் புரியுது. பேக்கப்பை நேரா சர்வர்ல ரீஸ்டோர் பண்ணிடாதீங்க, இன்னிக்கு வந்த மத்த பேஷண்ட்டுங்க பில்லு, லேப் ரிப்போர்ட் எல்லாம் போயிடும். வேற மிஷின்ல ஏத்தி, ரெண்டு எண்ட்ரியும் நேத்து ராத்திரி எப்படி இருந்துச்சுன்னு பாருங்க. மெர்ஜ்ல ஒரு பேஷண்ட் நம்பர் நிக்கும், இன்னொண்ணு அதுக்குள்ள போயிடும். ஆனா ஒவ்வொரு தடவை வரும்போதும் போடற விசிட் நம்பர் பொதுவா அழியாது. அதை வச்சு எது யாரோடதுன்னு ஒண்ணொண்ணாப் பிரிக்கணும். சாஃப்ட்வேர் குடுத்த வெண்டார்கிட்ட ஆடிட் லாக் கேளுங்க, எந்த லாகின்ல எப்ப என்ன மாத்தினாங்கன்னு அதுல பதிவாயிருக்கும். எந்த லாகின்ல பண்ணீங்க?

ரெக்கார்டு_ரூம், 10.36
கவுண்டர், ரெக்கார்டு ரூம் எல்லாத்துக்கும் ஒரே லாகின்தான். பாஸ்வேர்டை மானிட்டர் ஓரத்துல ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டியிருக்கு.

சீனியர்_ஆடிட், 10.41
அப்ப லாக் இருந்தும் பிரயோஜனம் இல்ல, யார் பண்ணதுன்னு அதுல தெரியவே தெரியாது. ரெக்கார்டை யார் தொடலாம், யார் பொறுப்புங்கற ஒழுங்கைத்தான் டேட்டா கவர்னன்ஸ்னு தொண்டை கிழியச் சொல்றோம். 2023 தனிநபர் தரவுச் சட்டத்துல, பாதுகாப்பு ஏற்பாடு இல்லன்னா 250 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம். நிர்வாகத்துக்கு அது தெரியுமா?

வியாசை_ஹெல்ப்டெஸ்க், 10.44
ஆபா வேணாம்னா ஆதாராவது வாங்குங்க. விலாசத்தையும் ஒத்துப் பாருங்க. வேலை முடிஞ்சுது.

பெரம்பூர்_லேப், 10.55
முடியாதுங்க. ஆபா விருப்பப்பட்டவங்களுக்குத்தான், இல்லன்னு சொல்லி யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. விலாசம் எடுத்தா, நம்ம ஏரியாவுல பாதி வீட்டுக்குப் பழைய நம்பர் ஒண்ணு, புது நம்பர் ஒண்ணு. ஒருத்தர் அதைச் சொல்வாரு, இன்னொருத்தர் இதைச் சொல்வாரு. இனிஷியல் கல்யாணத்துக்கு முன்னாடி அப்பாவோடது, அப்புறம் புருஷனோடது. வயசு கேட்டா "அம்பது இருக்கும்பா"ன்னு பதில் வரும். நாங்க இப்ப அம்மா பேர் கேட்டு எழுதறோம், அது கல்யாணத்தால மாறாது. இந்த ஓரகத்திங்க கேஸ்லயும் அந்த ஒரு கேள்வி காப்பாத்தியிருக்கும். அதுக்கு மேல சந்தேகம் இருந்தா மெர்ஜே கிடையாது. "ஒரே ஆளா இருக்கலாம்"னு குறி போட்டு வைப்போம். மெர்ஜ் உரிமை ஒருத்தருக்குத்தான், அவர் பண்றதை இன்னொருத்தர் பார்த்து ஒத்துக்கணும். ரெண்டு எண்ட்ரியா கிடந்தா தேடற தொந்தரவுதான். தப்பா ஒண்ணாச்சுன்னா உயிர்.

தங்கச்சி, பழைய பேப்பர் கேஸ் ஷீட் இருக்கா?

ரெக்கார்டு_ரூம், 10.59
பரண்ல மூட்டையா இருக்கு. மூணு வருஷத்துக்கு மேற்பட்டதைப் பழைய பேப்பர் கடைக்குப் போடச் சொல்லியிருக்காங்க. நல்லவேளை இன்னும் போடலை.

சீனியர்_ஆடிட், 11.04
மூணு வருஷம்தான் விதி. அதுக்கு மேல வச்சு கரையானுக்குத் தீனி போட வேண்டியதில்ல.

பெரம்பூர்_லேப், 11.09
சார், 2002 மருத்துவ நெறிமுறை விதி சொல்றது, உள்நோயாளி ரெக்கார்டை சிகிச்சை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து மூணு வருஷம் வச்சிருக்கணும்னுதான். அதுக்கப்புறம் அழிங்கன்னு சொல்லலை. அப்படியே அழிக்கறதா இருந்தாலும் கடையில எடைக்குப் போடறதா? அடுத்த நாள் நம்ம கேஸ் ஷீட்டுல பஜ்ஜி கட்டிக் குடுப்பான்.

சீனியர்_ஆடிட், 11.13
எடைக்குப் போடச் சொல்லி நான் எங்க சொன்னேன்? கிழிச்சுத்தான் போடணும், ரிஜிஸ்டர்ல எழுதி, சாட்சிக் கையெழுத்தோட. இடத்துக்கு வாடகை யார் குடுக்கறது? ஸ்கேன் பண்ணி வைங்க.

கோட்_எழுதுறவன், 11.16
அந்த ஸ்கேனும் தப்பான நம்பர்லதானே போய் உட்காரும்?

வார்டு_சிஸ்டர், 11.20
வாடகை சண்டையை அப்புறம் போடுங்க. அம்மா, பரண்ல ஏறு. அந்த அக்காகிட்டயும் வீட்டு ஆளுங்ககிட்டயும் வாயாலயும் கேளு: எந்த ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிச்சுது, எப்ப தடிச்சுதுன்னு. எழுதினது தொலைஞ்சாலும் அவங்களுக்கு மறக்காது.

ரெக்கார்டு_ரூம், மறுநாள் மதியம் 1.15
2019 கேஸ் ஷீட் கிடைச்சுது. முதல் பக்கத்து மூலையில சிவப்பு மையில "பென்சிலின் ஆகாது". வார்டுல இருக்கற அக்காவோடதுதான். கேட்டதுக்கு அவங்களும் அதையே சொன்னாங்க. டாக்டர் ஆன்டிபயாட்டிக்கை மாத்திட்டாரு, ஆபரேஷன் முடிஞ்சு நல்லா இருக்காங்க. வெண்டார் சாயந்திரம் வர்றாரு. ஸ்டிக்கரைக் கிழிச்சுட்டேன். எல்லாருக்கும் நன்றி, டியூட்டில இருக்கேன்.

பெரம்பூர்_லேப், 1.40
நல்ல செய்தி. மெர்ஜுக்கும் ராத்திரிக்கும் நடுவுல பிரிண்ட் ஆன பார்கோடு லேபிள், ரிஸ்ட் பேண்டு எல்லாத்தையும் திரும்ப எடுத்தீங்களா? ஓ.பி.ல வந்த ஓரகத்திக்கு ரிப்போர்ட் எதுவும் மாறிப் போகலையே?

பெரம்பூர்_லேப், இரவு 8.05
தங்கச்சி, பார்த்தா ஒரு வார்த்தை எழுதுங்க.