திங்கள் 28°F, செவ்வாய் 22°F: கேட்டி (டெக்சாஸ், ஹூஸ்டன் பக்கம்) வீட்டுத்தோட்டக் குழு

*சனி*

ரம்யா, காலை 9:14
எல்லாருக்கும் வணக்கம். ஃபோர்காஸ்ட் பார்த்தீங்களா? திங்கள் ராத்திரி 28 டிகிரி ஃபாரன்ஹீட், செவ்வாய் ராத்திரி 22னு காட்டுது (32ல தண்ணி உறையும்). மா தரையில நட்டு ரெண்டு வருஷம், ஆறடி உயரம், பிக்கரிங் ரகம், ஒட்டுக்கன்னு. அது கூட வாழை ஒரு குத்து, முருங்கை, கொய்யா, தொட்டியில கறிவேப்பிலை. எதுல ஆரம்பிக்கிறது?

கார்த்தி, 9:16
பெட்ஷீட் எத்தனை இருக்கு 😀

செல்வி அக்கா, 9:21
ரம்யா, முதல்ல எதைக் காப்பாத்தணும், எதை விடலாம்னு பிரிச்சுக்கோ. எல்லாத்தையும் மூடப் போனா எதையும் ஒழுங்கா மூட முடியாது.
தொட்டி எல்லாம் கராஜுக்குள்ள. முருங்கையை ரெண்டடி விட்டு வெட்டிடு, கீரையை உருவி நிழல்ல காய வை. அடியில ஒரு அடி உயரத்துக்கு மல்ச் (சருகு, மரச்சீவல் மூடாக்கு) குவிச்சா போதும், ஏப்ரல்ல வேர்லேருந்து கிளம்பிடும். கொய்யா பதியன் போட்டதா, ஒட்டா?

ரம்யா, 9:23
பதியன்னு சொல்லித்தான் குடுத்தாங்க அக்கா

செல்வி அக்கா, 9:26
அப்போ மேல கருகினாலும் பயம் இல்ல. பதியன் கொய்யா அதோட சொந்த வேர்ல நிக்குது. தரையோட போனாலும் திரும்ப வர்றது அதே கொய்யாதான்.
மா அப்படி இல்ல. ஒட்டுக்குக் கீழ வரைக்கும் செத்துட்டா, அப்புறம் துளிர்க்கிறது பிக்கரிங் இல்ல, அடிக்கன்னு. பச்சைப் பசேல்னு வளரும், நாமளும் சந்தோஷமா தண்ணி ஊத்திட்டு இருப்போம், காய்க்கிறது நாரு மாங்கா. அதனால மாவுல முதல் வேலை ஒட்டைக் காப்பாத்துறது, ரெண்டாவது அடிமரம். இலை, நுனிக்கிளை எல்லாம் கடைசி.

சுந்தர் அங்கிள், 9:30
செல்வி சொல்றது சரி. ஒட்டுத் தழும்புக்கு மேல அரை அடி வரைக்கும் மண்ணைக் குவிச்சு வைங்க. காய்ஞ்ச மண்ணா, குப்பை இல்லாத மண்ணா இருக்கணும். அந்த மண்ணுக்குள்ள இருக்க மரம் 13 டிகிரிலயும் பிழைக்கும். 2021 பிப்ரவரியில நம்ம ஹூஸ்டன் விமான நிலையத்துல 13 தான். கரன்ட் வேற இல்ல. கேட்டி பக்கம் மண்ணுக்கு மேல இருந்ததுக்கெல்லாம் ஒரே கதிதான்.

நாகராஜன், 9:41
ரெண்டு ராத்திரியும் ஒரே மாதிரி குளிர் இல்ல, அதைக் கவனிங்க.
திங்கள் ராத்திரி குளிர் ஃப்ரன்ட் (வடக்கேருந்து வர்ற குளிர்காத்தோட முகப்பு) வந்த உடனே. வடக்குக் காத்து 20-25 மைல் வேகத்துல அடிக்கும். 28 தான், ஆனா மரத்தைச் சுத்தி நாம சேர்க்குற சூட்டை எல்லாம் காத்து அள்ளிட்டுப் போயிடும். 2022 டிசம்பர்ல வந்ததும் இந்த வகைதான்.
செவ்வாய் ராத்திரி காத்து நின்னுடும், வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கும். தரையில இருக்க சூடு நேரா வானத்துக்குப் போகும். அதனாலதான் 22. இந்த ராத்திரியிலதான் மேல போர்த்துற துணியும் உள்ள போடற லைட்டும் நல்லா வேலை செய்யும்.
முதல் ராத்திரிக்குக் காத்தைத் தடுக்கணும், ரெண்டாவது ராத்திரிக்குத் தரைச் சூட்டைப் பிடிக்கணும்.

நாகராஜன், 9:43
அப்புறம் ஃபோர்காஸ்ட் நம்பர் விமான நிலையத்துக்கு. கேட்டிக்கு மேற்க, சைப்ரஸ் ஊருக்கு வடக்க வெட்டவெளியில இருக்கவங்க அதுலேருந்து இன்னும் 2-4 டிகிரி கழிச்சுக்கோங்க.

மீனா, 9:50
எத்தனை டிகிரியில எது போகும்னு ஒரு தடவை போடுங்களேன் செல்வி அக்கா. ஒவ்வொரு வருஷமும் தேட வேண்டியிருக்கு

செல்வி அக்கா, 10:08
சின்ன மா: 30-29லயே இலை, கிளை போகும், மரமே போகலாம். பெரிய மா 25 வரைக்கும் சில மணி நேரம் தாங்கும், நுனி கருகும். பூ மட்டும் தனிக்கதை. 40க்குக் கீழ சில மணி நேரம் இருந்தாலே பூவும் பிஞ்சும் கெட்டுடும். ஜனவரியில வந்த பூவை நம்பாதீங்க, கிள்ளி விட்டுடலாம். குளிர் தொடர்ந்தா பக்க மொட்டுலேருந்து திரும்பப் பூக்கும்.
பலா: 32ல இலை, 30ல கிளை, 28ல மரம். இங்க தரையில பலா வைக்கிறவங்களுக்கு மனத்துணிவு வேணும்.
சின்ன கொய்யா 28-27. பெருசு இன்னும் ரெண்டு டிகிரி தாங்கும்.
பப்பாளி 31ல ஆரம்பிச்சுடும். தண்டு உள்ள பொள்ளல். உறைஞ்சா அழுகி இறங்கும்.
வாழை இலை 32. தண்டு 28 வாக்குல. மண்ணுக்குள்ள கிழங்கு 22 வரை தாங்கும், மல்ச் இருந்தா அதுக்கும் கீழ.
நாட்டு எலுமிச்சை சிட்ரஸ்ல குளிருக்கு ரொம்பச் சொத்தை. சட்சுமா ஆரஞ்சு நல்லா குளிர் பழகியிருந்தா 20 வரைக்கும் கவலை இல்ல.

கார்த்தி, 10:10
பப்பாளி வச்சிருக்கவங்க இப்பவே காயைப் பறிச்சுக் கூட்டு வச்சுடுங்க. அதுதான் ஒரே பாதுகாப்பு

ரம்யா, 10:15
😂 சரி. மாவுக்குக் கூடாரம் எப்படிப் போடறது? கடையில பை மாதிரி விக்கிறாங்களே, அது போதுமா?

நாகராஜன், 10:32
பை வேண்டாம். துணி இலையைத் தொட்டா, தொட்ட இடத்துல இலை கருகும். துணிக்கும் இலைக்கும் நடுவுல இடைவெளி வேணும்.
3/4 இன்ச் பிவிசி பைப், 10 அடி நீளம், ஆறு வாங்குங்க. நாலை 7 அடியா வெட்டினா நாலு கால். மிச்ச ரெண்டையும் பாதியா வெட்டினா 5 அடியில நாலு குறுக்குச் சட்டம். மேல நாலு மூலைக்கும் மூணு வழி எல்போ. அடியில அரை இன்ச் கம்பி ரெண்டடித் துண்டு நாலு, ஒரு அடி மண்ணுல அடிச்சு, பைப்பை அது மேல சொருகுங்க. பசை போட வேண்டாம், மார்ச்ல கழட்டணும்.
துணி: சதுர கஜத்துக்கு ஒன்றரை அவுன்ஸ் கனமுள்ள ஃப்ராஸ்ட் க்ளாத் (குளிருக்குச் செடி மேல போர்த்துற துணி), 10 அடி அகலம், 21 அடி நீளம், ரெண்டு. ஒண்ணு வடக்கு தெற்கா, ஒண்ணு கிழக்கு மேற்கா. 7+5+7, ரெண்டு பக்கமும் தரையில படிய ஒரு அடி. விளிம்புல சுத்தி வர செங்கல். இந்தக் கனத்துக்கு 4-6 டிகிரி கிடைக்கும், அதுவும் தரையோட மூடினா மட்டும்.

நாகராஜன், 10:34
திங்கள் காத்துக்கு வடக்குப் பக்கமும் மேற்குப் பக்கமும் துணிக்கு வெளிய தார்பாய் கட்டுங்க. செவ்வாய் காலையில வெயில் வந்ததும் தார்பாயைக் கழட்டிடணும். துணி மூணு நாள் இருந்தாலும் பரவாயில்ல, பிளாஸ்டிக் வெயில்ல இருந்தா உள்ள வெந்துடும்.

சுந்தர் அங்கிள், 10:40
உள்ள மல்ச் நல்லா கெட்டியா போட்டுடுங்க.

நாகராஜன், 10:44
அங்கிள், கூடாரத்துக்குள்ள மட்டும் மல்ச்சை ஒதுக்கச் சொல்றேன். மல்ச் இருந்தா மண்ணுல இருக்க சூடு மேல வராது. வெறும் மண், ஈர மண், அதுதான் ராத்திரி பூரா சூடு குடுக்கும். அடிமரத்துல குவிச்ச மண் அப்படியே இருக்கட்டும்.

சுந்தர் அங்கிள், 10:47
கூடாரம் இல்லாத வாழைக்கும் முருங்கைக்கும் மல்ச் வேணும்தானே?

நாகராஜன், 10:48
கண்டிப்பா. அங்க வேரைத்தான் காப்பாத்துறோம்.

மீனா, 10:55
தண்ணி விடணுமா வேண்டாமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க

செல்வி அக்கா, 11:02
திங்கள் மத்தியானத்துக்குள்ள வேர்ப்பகுதிக்கு நல்லா விடு. மண் காய்ஞ்சிருந்தா மட்டும். நம்ம ஊர் களிமண் ஃப்ரன்ட்டுக்கு முன்னாடி மழை பெஞ்சா ஏற்கெனவே சொதசொதன்னு இருக்கும், அது மேல ஊத்தாதே. இலை மேல தெளிக்கவே கூடாது.

கார்த்தி, 11:05
ஃப்ளோரிடாவுல ராத்திரி பூரா ஸ்ப்ரிங்க்ளர் ஓட விட்டு ஐஸ் கட்ட வைக்கிறாங்களே?

நாகராஜன், 11:13
தோட்டத்துல அதுக்குன்னு பம்ப், லைன் எல்லாம் இருக்கு. தண்ணி உறையும்போது சூடு வெளிய வரும், அது உண்மை. ஆனா ஒரு லிட்டர் ஆவியாகும்போது அதைப்போல ஏழரை மடங்கு சூட்டை இழுத்துக்கும். காத்துல ஆவியாகுறது அதிகம். நடுராத்திரி தண்ணி அழுத்தம் குறைஞ்சு நின்னா, ஒண்ணும் பண்ணாம விட்ட மரத்தை விட மோசமாகும். ஐஸ் பாரத்துல கிளையும் முறியும். வீட்டுல வேண்டாம்.

ரம்யா, 11:20
உள்ள லைட் போடலாம்னு சொன்னீங்களே அண்ணா. கிறிஸ்துமஸ் லைட் இருக்கு

நாகராஜன், 11:38
எல்இடியா பாருங்க. எல்இடின்னா சூடே இருக்காது, அழகுக்குத்தான். பழைய இழை பல்பு, சி9 சைஸ் வேணும். ஒரு பல்பு 7 வாட், 25 பல்பு சரம் 175 வாட். உங்க கூடாரத்துக்கு ரெண்டு சரம். அடிமரத்துலேருந்து மேல கவட்டை வரைக்கும் சுத்துங்க, பாதிக்கு மேல பல்பு கீழ்ப் பாதியில இருக்கணும், சூடு தானா ஏறும். பல்பு துணியைத் தொடக்கூடாது. துணி பாலிப்ரொப்பிலீன், உருகும்.

தெர்மோ க்யூப்னு குளிரைப் பார்த்துத் தானா ஆன் ஆகுற பிளக் இருக்கு, 35ல ஆன் ஆகும், 45ல ஆஃப். சென்சார் அந்தக் க்யூபுக்குள்ளயே இருக்கு. சுவத்து பிளக்ல சொருகினா வீட்டுச் சுவரோட சூட்டைத்தான் படிக்கும், மரம் 30ல இருக்கும்போது கூட ஆன் ஆகாது. எக்ஸ்டென்ஷன் கார்டு முனையில, கூடாரத்துக்குள்ள, பல்புலேருந்து தள்ளி இருக்கணும்.

கார்டு வெளிய போடற வகை, 14 கேஜ். இணைப்பு தரையில கிடக்கக்கூடாது. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுல போட்டுச் செங்கல் மேல வைங்க. திங்கள் சாயந்திரம் ஃப்ரன்ட்டோட தூறல் இருக்கும். ஒரு சொட்டு உள்ள போனா ஜிஎஃப்சிஐ (ஷாக் அடிக்காம கரன்ட்டை நிறுத்துற பாதுகாப்பு பிளக்) ட்ரிப் ஆகிடும், நீங்க தூங்கிட்டு இருப்பீங்க. அதனால உள்ள ஒரு சென்சார், 33க்குக் கீழ போனா ஃபோன்ல அலாரம்.

செல்வி அக்கா, 11:41
கேஸ் ஹீட்டர், க்ளாம்ப் வச்ச ஹீட் லாம்ப் யாரும் உள்ள வைக்காதீங்க. துணி தீப்பிடிக்கும். மூடின இடத்துல கேஸ் எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வேற.

மீனா, 11:46
கரன்ட் போயிட்டா?

நாகராஜன், 11:58
தண்ணி வாளி. அஞ்சு கேலன் வாளி, 19 லிட்டர். ஹீட்டர் குழாய்லேருந்து 120 டிகிரி சுடுதண்ணி நிரப்பி மூடி போட்டு உள்ள வைங்க. அது உறையுற நிலைக்கு இறங்குறதுக்குள்ள 1.1 யூனிட் சூடு விடும். ஒரு சி9 சரம் 12 மணி நேரம் எரிஞ்சா 2.1 யூனிட். ஆக ரெண்டு வாளி ஒரு சரத்துக்குச் சமம். அப்புறமும் குளிர்ந்தா தண்ணி உறைய ஆரம்பிக்கும், முழுசா உறைஞ்சா இன்னொரு ஒன்னே முக்கால் யூனிட் குடுக்கும். அந்த நேரம் பூரா வாளித் தண்ணி 32லயே நிக்கும்.
சாயந்திரம் ஆறு மணிக்கு வைக்காதீங்க. முதல் சில மணி நேரத்துலயே பாதிச் சூடு போயிடும். ரொம்பக் குளிர் விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான். பத்து மணிக்கு மேல வைங்க. நாலு வாளி இருந்தா நல்லது.

கார்த்தி, 12:04
வாழைக்கு நான் சொல்றேன். ரம்யா, இலையை எல்லாம் வெட்டிடுங்க, எப்படியும் போகும். தண்டைத் தரையோட வெட்டாதீங்க, அதுதான் பலரும் பண்றது. தண்டுக்குள்ளதான் அடுத்த தார் ஏறி வரும். தண்டு பிழைச்சா இந்த வருஷமே தார். கிழங்கு மட்டும் பிழைச்சா முதல்லேருந்து ஆரம்பிக்கும், தார் தள்ளி முத்துறதுக்குள்ள அடுத்த குளிர் வந்துடும்.
குத்துல தடியான மூணு தண்டைத் தேர்ந்தெடுத்து 5 அடி உயரத்துக்குப் பழைய கம்பளி, வெட்டின இலைச்சருகு, எது இருக்கோ சுத்துங்க. வெளிய தார்பாய், உச்சியில தண்ணி இறங்காம மூடி. ஈரமான கம்பளி வேலைக்கு ஆகாது.

ரம்யா, 12:07
இது ரஸ்தாளி. பிழைக்குமா?

கார்த்தி, 12:09
சுத்தினா வாய்ப்பு இருக்கு. இனிமே வைக்கிறதா இருந்தா நாம்வா, ஒரினோகோ மாதிரி வைங்க, குளிருக்குக் கெட்டி. கேவண்டிஷ் எல்லாம் இங்க அழுதுட்டே இருக்கும்.

*திங்கள்*

ரம்யா, மாலை 4:40
(படம்)
இப்படிப் போட்டிருக்கேன். சரியா?

நாகராஜன், 4:46
சட்டம் அருமை. துணியைக் கீழ அடிமரத்தோட சேர்த்துக் கயிறு கட்டியிருக்கீங்க பாருங்க, அதை அவிழ்த்துடுங்க. கட்டினா தரையிலேருந்து வர்ற சூடு வெளியவே நின்னுடும், உள்ள வராது. துணி பாவாடை மாதிரி விரிஞ்சு தரையில உட்காரணும். வடகிழக்கு மூலையில ஒரு கை போற அளவு சந்து தெரியுது, அங்க இன்னும் ரெண்டு செங்கல்.

செல்வி அக்கா, 4:49
வெளிக் குழாய்க்கும் உறை போட்டுடு. மரத்தைப் பார்த்துட்டு அதை மறந்துடறோம்.

*புதன்*

ரம்யா, காலை 7:22
வெளிய 23. உள்ள 36. வாழை மேல இருந்த மிச்ச இலை கறுப்பாயிடுச்சு. கொய்யா சுருண்டு கிடக்கு. இப்போ வெட்டலாமா?

சுந்தர் அங்கிள், 7:30
கத்திரியை உள்ள வைங்க. இன்னும் ஒரு மாசத்துக்குக் குளிர் வரலாம். செத்த கிளை கீழ இருக்கிறதுக்குக் கூரை.

செல்வி அக்கா, 7:44
ரெண்டு மூணு வாரம் கழிச்சுப் பாரு. இலை தானா உதிர்ந்தா பெரும்பாலும் அந்தக் கிளை உயிரோட இருக்கு. பழுப்பாகி உதிராம ஒட்டிட்டுத் தொங்கினா கிளை போச்சு. நகத்தால பட்டையைச் சுரண்டு, உள்ள பச்சைன்னா உயிர், காப்பிக் கலர்னா இல்ல. ஆனா மாவுல அடிமரப் பட்டை வெடிக்கிறது பல நாள் கழிச்சுத்தான் தெரியும். அதனால ஏப்ரல்ல துளிர் வந்து எதுவரைக்கும் நிக்குதுன்னு பார்த்துட்டு வெட்டு.
இலை இல்லாத மரத்துக்குத் தண்ணி அதிகம் வேண்டாம், களிமண்ல வேர் அழுகும். துளிர் வர்ற வரைக்கும் உரமும் வேண்டாம். இலை போய் அடிமரம் வெயில்ல நின்னா வெள்ளை லேடெக்ஸ் பெயின்ட்டைச் சரிபாதி தண்ணியில கலந்து பூசு.

கார்த்தி, 7:51
வாழை மார்ச்ல. உச்சியிலேருந்து ரெண்டு ரெண்டு இன்ச்சா நறுக்கிட்டே வாங்க, நடுவுல கொழகொழன்னு இல்லாம வெள்ளையா கெட்டியா குருத்து தெரிஞ்சதும் நிறுத்திடுங்க.

ரம்யா, 7:55
மாவுல குவிச்ச மண்?

சுந்தர் அங்கிள், 7:58
மார்ச் பாதியில எடுத்துடணும். விட்டா பட்டை அழுகும், ஃபயர் ஆன்ட் (கடிக்கிற செவ்வெறும்பு) குடி வந்துடும். கையால எடுங்க, மண்வெட்டி ஒட்டுல பட்டுடப் போகுது. ஒட்டுக்குக் கீழ துளிர் ஏதாவது இருந்தா அப்பவே கிள்ளிடுங்க.

மீனா, 8:03
தார்பாய் இனிமே யாருக்காவது வேணுமா? எங்க வீட்டுல ரெண்டு மிச்சம் இருக்கு. பிப்ரவரி வரைக்கும் வச்சுக்கலாம்

ரம்யா, 8:04
எனக்கு ஒண்ணு மீனா, சாயந்திரம் வர்றேன்