150 யூரோவுக்கு ஆறு போத்தல் நல்ல பிரெஞ்சுச் சிவப்பு வைன்: எதை வாங்கலாம்?

கேள்வி

வணக்கம். பாரிஸ் புறநகர் ஒன்றில் வசிக்கிறேன். செப்டெம்பரில் பேரங்காடிகளில் நடக்கும் வைன் விற்பனை நெருங்குகிறது. எங்கள் பத்தாவது திருமண நாளுக்காக ஆறு போத்தல் வாங்கி, இரண்டை இவ்வாண்டு திறந்துவிட்டு, மீதியைச் சில ஆண்டுகள் நிலவறையில் வைக்க எண்ணியிருக்கிறோம். மொத்தம் 150 யூரோவைத் தாண்ட மனமில்லை. சென்ற ஆண்டு போர்தோ வட்டாரத்தின் ‘பொயாக்’ என்ற ஊர்ப்பெயரை மட்டும் நம்பி 38 யூரோவுக்கு வாங்கிய போத்தல், நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குத் துவர்த்ததே தவிர வேறு சுவை எதையும் காட்டவில்லை. புகழ்பெற்ற ஷாத்தோக்களின் (வைன் தோட்டங்களின்) ‘இரண்டாம் வைன்’ வாங்கினால் ஏறத்தாழ அதே தரம் குறைந்த விலையில் கிடைக்கும் என்கிறார் கடைக்காரர். அதை நம்பலாமா?

பதில் 1

முழுவதும் நம்ப வேண்டாம். இரண்டாம் வைன் என்பது பெரும்பாலும் இளம் கொடிகளின் பழத்திலிருந்தும், முதல் வைனுக்கு ஒதுக்கப்படாத பீப்பாய்களிலிருந்தும் வருவது. தோட்டத்தின் பெயருக்கு மவுசு கூடினால் அதன் விலையும் கூடவே ஏறிவிடும். லஃபீத் ஷாத்தோவின் இரண்டாம் வைனான ‘காருவாத்’ சீன வாங்குவோரின் ஆர்வத்தால் எட்டாத விலைக்குப் போனதே இதற்குச் சான்று.

போர்தோவில் விலை ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு 1855ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோவின் மெடோக் பகுதித் தோட்டங்களை ஐந்து தரங்களாகப் பிரித்த தரகர்கள், அன்றைய சந்தை விலையையே அளவுகோலாகக் கொண்டனர். தரம் ஷாத்தோவின் பெயருக்கு உரியதேயன்றி நிலத்துக்கு உரியதன்று. பக்கத்து நிலத்தை வாங்கிச் சேர்த்தாலும் தரம் குறையாது. 1973இல் முத்தோன் ரோத்ஷில்த் தோட்டம் முதல் தரத்துக்கு உயர்ந்ததைத் தவிர, பெரிய மாற்றம் எதுவும் அதன்பின் நிகழவில்லை. ஆகவே அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றுகொண்டு பட்டியலில் உள்ளவர்களைப் போலவே உழைப்பவர்களைத்தான் நாம் தேட வேண்டும். வட மெடோக்கில் உள்ள போத்தன்சாக் தோட்டம், சென்-ஜூலியன் ஊரின் லெயோவில் லாஸ் காஸ் தோட்டத்தை வைத்திருக்கும் குடும்பத்தாருடையது. முலி என்ற சிற்றூரின் பூஜோ, ஷாஸ்-ஸ்ப்ளீன் ஆகியவை உங்கள் வரம்பைச் சற்றுத் தாண்டலாம், ஆனாலும் தரத்துக்கு ஏற்ற விலைதான்.

அறுவடை ஆண்டையும் பாருங்கள். 2015, 2016 ஆகியவற்றின் புகழ் நிழலில் மறைந்துபோன 2014 நல்ல ஆண்டு. மழையும் குளிரும் கெடுத்த 2013ஐ, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், தொடாதீர்கள்.

பதில் 2

ஐயா, ஆறு போத்தலும் போர்தோவாகவே இருக்க வேண்டுமா? நான் லியோனில் இருப்பவன். எனவே பக்கச்சார்பு உண்டு என்பதை முன்பே ஒப்புக்கொள்கிறேன்.

நவம்பர் மூன்றாம் வியாழனன்று விற்பனைக்கு வரும் இளம் வைனால், லியோனுக்கு அருகிலுள்ள பூஜொலே வட்டாரத்தின் பெயரே கெட்டுப்போனது. ஆனால் அதே வட்டாரத்தில் தனிப்பெயர் பெற்ற பத்துப் பகுதிகள் உள்ளன. அவற்றில் முலான்-ஆ-வான், மோர்கோன் ஆகியவற்றின் நல்ல வைன்கள் பத்தாண்டுகள் தாராளமாகத் தாங்கும். இந்த வைன்களுக்கு உரிய கமே திராட்சையைப் பர்கண்டி வட்டாரத்திலிருந்து அகற்றும்படி 1395இல் அதன் கோமகன் பிலிப் ஆணையிட்டார். கருங்கல் மண்ணில் விளைந்த அந்தக் கமேயின் வைன் முதிர்ந்தபின் பர்கண்டியின் பினோ நுவார் திராட்சை வைனைப் போல மணக்கத் தொடங்குவதை, இங்குள்ளவர்கள் ‘பினோத்தே’ என்று தனி வினைச்சொல்லாலேயே குறிப்பிடுகிறார்கள். சென்ற மாரியில் நான் திறந்த 2015 முலான்-ஆ-வானின் விளிம்பு செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது. காய்ந்த ரோசா இதழும், மழைக்குப் பிந்தைய ஈரமண்ணும் கலந்த மணம். வாங்கியபோது அதன் விலை 20 யூரோவுக்கும் குறைவு.

ரோன் பள்ளத்தாக்கில் வைனுக்குப் பெயர்பெற்ற எர்மித்தாஜ் குன்றின் பரப்பு 140 ஹெக்டேரைக்கூட எட்டாது; அதைச் சூழ்ந்துள்ள க்ரோஸ்-எர்மித்தாஜ் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பெரியது. இரண்டிலும் சிரா திராட்சைதான். பரப்பு பெரிதென்பதால் தரமும் சீராக இராது. ஊர்ப்பெயரைவிட வைன் தயாரிப்பவரின் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

பதில் 3

சுருக்கமாக ஒன்று. லேபிளில் ‘க்ராண்ட் வான் த போர்தோ’ (போர்தோவின் பெருவைன்) என்று பொன்னெழுத்தில் இருப்பது எந்தத் தரவரிசையையும் குறிக்காது. ‘பழங்கொடிகள்’ என்ற சொல்லுக்கும் சட்ட வரையறை இல்லை. மேலும், உங்கள் பொயாக் துவர்த்ததற்கு அதன் இளமையே காரணமாக இருக்கலாம். கபர்னே சோவின்யோன் திராட்சை மிகுந்த வைனை இரண்டு மணி நேரம் முன்பே குடுவையில் ஊற்றி வைத்திருந்தால் ஓரளவு இளகியிருக்கும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. குடுவையில் ஊற்றி வைக்கவில்லை என்பது உண்மைதான். திறந்தவுடனேயே கோப்பையில் ஊற்றிவிட்டேன். இரண்டு போத்தன்சாக், மூன்று முலான்-ஆ-வான், ஒரு க்ரோஸ்-எர்மித்தாஜ் என்று முடிவு செய்திருக்கிறேன். இரண்டாம் வைனைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டேன்.