துருவப்பனி என்ற ஒரே சொல் போதாது

துருவங்களில் உருகும் பனி அனைத்தையும் ‘துருவப்பனி உருகல்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கலாம் என்னும் முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. கடல்மட்ட உயர்வைப் பொறுத்தவரை, பனி துருவத்தில் உள்ளதா என்பதைவிட, அது நிலத்தின்மேல் நிற்கிறதா, நீரில் மிதக்கிறதா என்பதே முதன்மையானது.

ஆர்க்டிக் பெருங்கடலில் மிதக்கும் பனி, தன் எடைக்கு ஈடான நீரை ஏற்கெனவே விலக்கிவிட்டதால், அது முழுவதும் உருகினாலும் கடல்மட்டம் ஏறத்தாழ மாறாது (உப்புநீருக்கும் நன்னீருக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டால் வரும் சிறு உயர்வை இங்கே விட்டுவிடலாம்). 2012 செப்டம்பரில் அதன் பரப்பு சுமார் 34 இலட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது வெப்பமாதலுக்குச் சான்றே தவிர, கடல்மட்ட உயர்வுக்குக் காரணமன்று. கிரீன்லாந்தின் பனியோ நிலத்தின்மேல் கிடப்பது. அது முற்றிலும் உருகினால் உலகக் கடல்மட்டம் 7 மீட்டருக்கு மேல் உயரும். அண்டார்க்டிகாவுக்கு அந்த அளவு ஏறத்தாழ 58 மீட்டர். ஈர்ப்புவிசையின் மாற்றத்தைக் கொண்டு நிறையை அளக்கும் கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் 2002 முதல் பதிவு செய்த இழப்பு இந்த நிலத்துப் பனியைப் பற்றியது. பனி உருகினால் கடல் உயருமா என்று ஐயம் எழுப்புவோர், ‘உருகினாலும் கடல்மட்டம் மாறாது’ என்ற மிதக்கும் பனிக்கு உரிய விடையை நிலத்துப் பனிக்கும் பொருத்திவிடுவதற்குப் பொதுச்சொல் வழிவிடுகிறது.

எனவே ‘நிலப்பனி’, ‘மிதவைப்பனி’ என்று பிரிக்கலாம். ‘மிதபனி’ சுருக்கமாக இருந்தாலும், மிதவெப்பம் என்பதைப் போல மிதமான பனி என்று படிக்கப்படும். ‘பனிப்பாறை’யை உடைந்து மிதப்பதற்கு மட்டும் ஒதுக்கி, மலைச்சரிவில் நகர்வதைப் ‘பனியாறு’ என்றே எழுதலாம்.

சிக்கல் இரண்டுக்கும் இடைப்பட்டதில்தான். நிலத்திலிருந்து வழிந்து கடல்மேல் நீண்டு நிற்கும் ‘பனித்தட்டு’ பிறப்பால் நிலப்பனி, இருப்பால் மிதவைப்பனி. 2002இல் அண்டார்க்டிகாவின் லார்சன் பி பனித்தட்டு சிதைந்தபோது அச்சிதைவு கடலை நேரடியாக உயர்த்தவில்லை. ஆனால் அதுவரை அது தடுத்து நிறுத்தியிருந்த பனியாறுகள் விரைந்து கடலுக்குள் இறங்கத் தொடங்கின. ஆகவே பனித்தட்டைத் தனிச்சொல்லாகவே வைத்துக்கொள்ள வேண்டும். பனி தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் எல்லைக்குத் ‘தரைதொடுகோடு’ என்பது பொருந்தாது. கணிதத்தில் தொடுகோடு வேறொன்று. ‘ஊன்றுகோடு’ எனலாம்: “அண்டார்க்டிகாவின் த்வைட்ஸ் பனியாற்றின் ஊன்றுகோடு பின்வாங்குகிறது” என்னும் தொடர் விளக்கமின்றியே புரிகிறது.

‘பனி உருகலால் கடல்மட்ட உயர்வு’ என்ற தொடரைப் பொதுத்தலைப்பாக வைப்பதும் தவறு. 1971 முதல் 2018 வரையிலான உயர்வில் ஏறத்தாழப் பாதி, கடல்நீர் வெப்பத்தால் விரிவடைந்ததால் ஏற்பட்டது என்பது காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளுக்கிடையேயான குழுவின் ஆறாம் மதிப்பீடு. அதற்கு ‘வெப்ப விரிவு’ என்ற பாடநூல் சொல்லே போதும்; புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை.