பாதுகாப்புப் பரிசோதனையில் நம் பெரியவர்கள் படும் பாடு: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து தமிழ்நாட்டுக்குப் போய் வருகிறவர்களில் பலர் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள், செம்பனைக் குலை சுமந்தவர்கள். குலதெய்வத்தைக் கும்பிட வேண்டும், பழனிக்குப் போக வேண்டும் என்று வருடக்கணக்கில் காசு சேர்த்துப் புறப்படுகிறார்கள். விமான நிலையப் பரிசோதனையில் அவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதை வீட்டுக்குள் பேசுகிறோம், வெளியில் சொல்வதில்லை. அதனால் நானே தொடங்குகிறேன்.

என் அம்மாவுக்கு முட்டியில் உலோக மூட்டு வைத்திருக்கிறார்கள். கதவு போன்ற அந்தக் கருவிக்குள் போனால் கட்டாயம் சத்தம் வரும். இங்கே புறப்படும்போதும் வந்தது. அம்மாவுக்கு மலாய் நன்றாகவே வரும். “லுத்துட் சாயா அடா பெசி”, என் முட்டியில் இரும்பு இருக்கிறது என்று முழங்காலைத் தட்டிக் காட்டினார். பெண் அதிகாரி கைக்கருவியை முட்டியருகே வைத்துப் பார்த்தார், “ஓகே மக்சிக்” (சரி அம்மா) என்று அனுப்பிவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

திரும்பி வரும்போது தமிழ்நாட்டு விமான நிலையம் ஒன்றில்தான் எல்லாம் மாறியது. அங்கே ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வரிசை. அம்மா அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். சத்தம் வந்தது. அதிகாரி இந்தியில் ஏதோ கேட்டார். அம்மா தமிழில் சொன்னார், பிறகு மலாயிலும் சொல்லிப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு இரண்டுமே புரியவில்லை. கேட்டதையே திரும்பக் கேட்டார், ஒவ்வொரு முறையும் குரல் உயர்ந்தது. நான் என் வரிசையிலிருந்து, “முட்டியில் ஆபரேஷன்” என்று கத்தினேன். என்னை அந்தப் பக்கம் போக விடவில்லை. திரைக்குப் பின்னால் அழைத்துப் போய்ப் புடவையை முட்டிக்கு மேல் தூக்கச் சொல்லி, தழும்பைப் பார்த்த பிறகுதான் விட்டார்களாம். வெளியே வந்த அம்மாவின் கை நடுங்கியது. “நம்ம ஊருன்னு வந்தேன், நம்ம பாஷை இங்க யாருக்கும் தெரியலையேப்பா” என்றார். விமானம் ஏறும்வரை வேறு எதுவும் பேசவில்லை.

சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெண்ணைப் பெண்ணே, திரைக்குள் வைத்துச் சோதிப்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கேள்வி புரிந்தால்தானே பதில் சொல்ல முடியும்? 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில் கனிமொழி எம்.பி., தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று பாதுகாப்புப் படை அதிகாரியிடம் கேட்டதற்கு, ‘நீங்கள் இந்தியரா?’ என்று தன்னிடம் கேட்கப்பட்டதாக வெளியே சொன்னார். அது பெரிய செய்தியானது. அதன் பிறகு உள்ளூர் மொழி தெரிந்தவர்களை நிறுத்துவோம் என்று அந்தப் படை கூறியது. ஒரு எம்.பி.க்கே அந்த நிலை என்றால், தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து போன ஒரு பாட்டி எப்படி வாய் திறப்பார்?

* * *

அண்ணே, உங்கள் அம்மாவுக்கு நடந்ததைப் படித்து மனசு கனத்துவிட்டது. எனக்கு மொழிப் பிரச்சினை இல்லை, என் வேலையே பிரச்சினையானது.

சபா மாநிலத்துக் கோத்தா கினபாலுவில் தங்கச்சி வீட்டு விசேஷம், விமானத்தில்தான் போக வேண்டும். முதல் நாள் மாலை வரை செம்பனைக்கு உரம் போட்டுவிட்டு, அதே சப்பாத்தோடு கிளம்பினேன். சோதனையில் ஒரு சிறிய துணியால் என் கையையும் சப்பாத்தையும் துடைத்து இயந்திரத்தில் வைத்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே என்னைத் தனியாக நிறுத்திவிட்டார்கள். பையைக் கொட்டினார்கள், போனை வாங்கிக்கொண்டார்கள். என்ன பிரச்சினை என்று யாரும் சொல்லவில்லை. வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள், பக்கத்தில் என் சின்ன மகள் அழுகிறாள்.

கடைசியில் வயதான அதிகாரி ஒருவர் வந்து, “என்ன வேலை செய்கிறாய்?” என்று கேட்டார். தோட்டத்தில் உரம் போடுகிறேன் என்றேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த இயந்திரம் வெடிமருந்தின் துகளைத் தேடுகிறது. அம்மோனியம் நைட்ரேட் உரமாகவும் பயன்படுகிறது, வெடிமருந்து செய்யவும் பயன்படுகிறது. இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது, மனிதருக்குத் தெரிய வேண்டும். நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை இருக்கிறதே, அதில் நைட்ரோகிளிசரின் இருப்பதால் அதற்கும் இப்படிச் சிவப்பு விளக்கு எரியலாம் என்று அவர்தான் சொன்னார். தோட்டங்கள் நிறைந்த நாட்டில் அந்த ஒரு கேள்வியை முதலிலேயே கேட்டிருக்கலாம். உரம், பூச்சிமருந்து வேலை செய்கிறவர்கள் பயணத்துக்கு வேறு சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள், கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள்.

* * *

தம்பிகளா, நான் ஐயப்ப சாமிமார்களோடு போய் வருகிற ஆள். எங்களுக்குத் தேங்காய்தான் கவலை. கொப்பரையில் எண்ணெய் அதிகம், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்பதால் அது அபாயப் பொருள் பட்டியலில் இருக்கிறது. சரி, அதை ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் இருமுடிக்குள் நெய் நிறைத்த தேங்காயை எடுத்துத் தொட்டியில் போடும்போது விரதம் இருந்தவனுக்கு எப்படி இருக்கும்! 2024 அக்டோபரில் இந்திய அரசு அந்தப் பருவத்துக்கு மட்டும், 2025 ஜனவரி 20 வரை, சபரிமலை பக்தர்கள் தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோக அனுமதித்தது. எக்ஸ்ரே, துகள் சோதனை, கையால் சோதனை எல்லாம் முடித்துத்தான் உள்ளே விட்டார்கள். பாதுகாப்பும் கெடவில்லை, பக்தியும் கெடவில்லை. மனசு வைத்தால் வழி இருக்கிறது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? இங்கிருந்து போகிற சாமிகள் அந்த வருட விதியைப் பார்க்காமல் கட்டு நிறைக்க வேண்டாம். அங்கே இறங்கிய பிறகு நிறைப்பதுதான் நிம்மதி.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடி வருகிறேன். எண்ணெய், தைலம், ஊறுகாய், இனிப்பு எல்லாம் கைப்பையில் கொண்டுபோகலாமா என்று மூன்று பேர் கேட்டதற்குச் சேர்த்துச் சொல்கிறேன். கைப்பையில் திரவத்துக்கு உள்ள 100 மில்லிலிட்டர் கணக்கு புட்டியின் அளவுக்குத்தான், உள்ளே இருப்பதற்கு இல்லை. பெரிய புட்டியில் பாதி எண்ணெய் இருந்தாலும் எடுத்துவிடுவார்கள். 2006இல் லண்டனிலிருந்து புறப்படும் விமானங்களைக் குளிர்பானப் புட்டியில் மறைத்த திரவ வெடிமருந்தால் தகர்க்கப் போட்ட திட்டம் பிடிபட்ட பிறகு வந்த விதி அது. கோடாலித் தைலம் சின்னப் புட்டிதான், தெளிவான பிளாஸ்டிக் பையில் போட்டுக் காட்டினால் போதும். ஊறுகாயைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள். அல்வா, பால்கோவா எக்ஸ்ரேயில் கெட்டியான ஒரே கட்டியாகத் தெரிவதால் பையைத் திறக்கச் சொல்வார்கள். பயப்பட வேண்டாம், தனியாக எடுத்து மேலே வைத்துவிடுங்கள்.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் கருவிக்குள் நுழையும் முன்பே அட்டையைக் காட்ட வேண்டும். முட்டி மாற்றியவர்கள் டாக்டர் கடிதம் வைத்திருப்பது நல்லது. அப்புறம் இன்னொன்று. அம்மாவின் அடுத்த பயணத்துக்கு ஒரு சிறிய அட்டை எழுதுகிறேன்: “எனக்கு வலது முட்டியில் உலோக மூட்டு இருக்கிறது. எனக்குத் தமிழும் மலாயும்தான் தெரியும். என் மகன் பக்கத்து வரிசையில் இருக்கிறான், அவனைக் கூப்பிடுங்கள்.” ஆங்கிலத்தில் நானே எழுதிவிட்டேன். இந்தி எழுதத் தெரிந்தவர்கள் இங்கே இருந்தால் மொழிபெயர்த்துக் கொடுங்கள். அச்சடித்து, நம் வட்டாரத்தில் கேட்கிற பெரியவர்களுக்கெல்லாம் கொடுக்கிறேன்.