பட ஜூமுக்கு மூன்று மடங்கு போதுமா?

முகிலன்: "ஆப்பில் படத்தைப் பெரிதாக்க மூன்று மடங்கு போதும், அதற்கு மேல் விட்டால் பயனர் படத்துக்குள் தொலைந்துபோவார்" என்று கதிர் எழுதியதைப் படித்தேன். எரிச்சல்தான் வந்தது. யாருக்குப் போதும்? 4000 பிக்சல் அகலப் படத்தை 1080 பிக்சல் திரையில் பொருத்தினால், மூன்று மடங்கில் 3240தான் வரும். படத்தில் இருக்கும் விவரமே முழுதாகத் தெரியாது. அதற்கு 3.7 தாண்ட வேண்டும். எக்ஸ்ரேயோ வரைபடமோ பார்ப்பவர் எங்கே போவார்?

கதிர்: வாய்க்கு வந்ததை எழுதவில்லை, நண்பரே. ஆண்ட்ராய்டில் பலரும் எடுத்துப் போடும் போட்டோவியூ லைப்ரரியில் முதலிலேயே வைத்திருக்கும் அளவுகள் 1, 1.75, 3. ஆப் எழுத உதவும் ஃப்ளட்டரில், ஜூமுக்கென்று இருக்கும் இன்டராக்டிவ் வியூவரில் முதலில் வைத்திருக்கும் உச்சம் 2.5தான். அதையெல்லாம் எழுதியவர்கள் விவரம் கெட்டவர்களா? மூன்று போதும்.

முகிலன்: ஐஃபோனின் ஐஓஎஸ்ஸில் நகர்த்தவும் ஜூம் செய்யவும் இருக்கும் யுஐஸ்க்ரோல்வியூவில் உச்ச வரம்பு முதலில் 1 என்றுதான் இருக்கும். நாம் மாற்றாவிட்டால் ஜூமே ஆகாது. அப்போது ஒன்றே போதும் என்பீர்களா? மாற்றிக்கொள்ளத்தான் அந்த எண்ணை வைத்திருக்கிறார்கள். பட அகலத்தைத் திரை அகலத்தால் வகுத்தால் 3.7. ஒரு வரி வேலை.

நிலா: ஒரு சந்தேகம். மூன்று மடங்கு என்பது திரையில் பொருந்திய அளவைப் போலவா, படத்தின் சொந்தப் பிக்சல் அளவைப் போலவா?

கதிர்: மூன்று என்றால் மூன்று. முகிலன், 200 பிக்சல் ஐகானுக்கு உங்கள் ஒரு வரி என்ன தரும்? 0.2 கூட வராது. உச்ச வரம்பு குறைந்தபட்ச வரம்புக்குக் கீழே போய்விடும். பிரமாதம்.

முகிலன்: மூன்றையும் வகுத்து வந்த எண்ணையும் வைத்து எது பெரிதோ அதை எடுங்கள். இதைக்கூடச் சொல்லித்தர வேண்டுமா?

கதிர்: ஆக, மூன்று வேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்!

முகிலன்: அது கீழ்ப் பக்கத்துக்கு. மேலே 3.7.

சுடர்: இரண்டு பேரும் அந்த எண்ணையே பிடித்துத் தொங்குகிறீர்கள். ஆப் விழுவது நகர்த்தும் இடத்தில். திரை உயரம் 1920, பொருந்திய படத்தின் உயரம் 720. இரண்டு மடங்காக்கினால் 1440, திரையை விடக் குறைவு. படத்தின் மேல் விளிம்பு திரை உச்சியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்பதற்கு எல்லோரும் எழுதும் கணக்கு என்ன? கீழ் வரம்பு திரை உயரம் கழித்தல் பட உயரம், மேல் வரம்பு 0. இங்கே கீழ் வரம்பு 480 ஆகிவிடுகிறது, மேல் வரம்பு 0. தலைகீழ். ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் கோட்லின் மொழியில், எண்ணை இரண்டு வரம்புக்குள் அடக்கும் கோயர்ஸ்இன் போட்டிருந்தால் அங்கேயே எக்செப்ஷன் என்ற பிழை, ஆப் மூடிக்கொள்ளும். கீழ் வரம்புக்கு மேக்ஸ் (பெரியதை எடு), அதற்குள் மேல் வரம்புக்கு மின் (சிறியதை எடு) என்று எழுதியிருந்தால் படம் திரையின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். படம் திரையை விடச் சின்னதாக இருக்கும் அச்சில் அதை நடுவில் நிறுத்த வேண்டும், இங்கே 240இல்.

கதிர்: படத்தை நகர்த்தவும் பெரிதாக்கவும் போடும் மெட்ரிக்ஸ் கணக்கு பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் நடுவில் வந்து பாடம் எடுத்தீர்கள் சுடர். அன்று கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

சுடர்: கேள்வியா அது? என் நிரலை எடுத்துப் போட்டுவிட்டு ஏன் ஓடவில்லை என்று கேட்டீர்கள்.

அருள்: நகர்த்தும்போது விளிம்பில் டக்கென்று நிற்பதைவிடக் கொஞ்சம் இழுபட்டுத் திரும்புவதுதான் கைக்கு இதமாக இருக்கும்.

சுடர்: இழுபடட்டும், ஆனால் விரலை எடுத்ததும் திரும்பிவர வேண்டும். பாதிப் பேர் அதை எழுதுவதே இல்லை, படம் வெளியே போய் நின்றுவிடுகிறது.

முகிலன்: அதெல்லாம் அப்புறம். 3.7க்குப் பதில் சொல்லுங்கள் கதிர்.

கதிர்: மெமரி! 4000க்கு 3000 படம், பிக்சலுக்கு நான்கு பைட், 48 எம்பி. முழுப் படத்தையும் ஏற்றிவிட்டு ஃபோன் திணறினால் நீங்களா வருவீர்கள்?

முகிலன்: படத்தின் ஒரு பகுதியை மட்டும் ஏற்றும் பிட்மேப் ரீஜன் டிகோடர் ஆண்ட்ராய்டு 2.3.3 காலத்திலிருந்தே இருக்கிறது. கண்ணில் படும் துண்டை மட்டும் ஏற்றினால் போதும். ஜூம் வரம்பைக் குறைத்தால் மெமரி மிச்சமாகும் என்று யார் சொன்னது? முழுப் படத்தையும் ஏற்றினால் மூன்று மடங்கிலும் அதே 48 எம்பிதானே ஏறியிருக்கிறது?

நிலா: பொருந்திய அளவைப் போலவா, சொந்த அளவைப் போலவா? இன்னும் யாரும் சொல்லவில்லை.

கதிர்: என் ஆப்பில் மூன்றுதான். மாற்றுவதாக இல்லை.

முகிலன்: உங்கள் ஆப்பில் வரைபடம் பார்ப்பவர் தெருப்பெயரைப் படிக்க முடியாமல் திரையைக் கிள்ளிக்கொண்டே இருக்கட்டும். 3.7.