புதுப்பிப்பு: எல்டிஓ-8 டேப் டிரைவ் ஏன் மெதுவாக எழுதியது, காரணம் கிடைத்துவிட்டது

பேக்கப்பைக் காந்த நாடாவில் (டேப்) எழுதும் எங்கள் எல்டிஓ-8 டிரைவ் நொடிக்கு 80 எம்பியைத் தாண்டவே மாட்டேன் என்கிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். டிரைவில் கோளாறே இல்லை. ஸ்கேன் செய்த லட்சக்கணக்கான சின்னச் சின்ன ஜேபெக் படங்கள் நெட்வொர்க் வழியாக நேராக டேப்புக்குப் போய்க்கொண்டிருந்தன. டேட்டா தொடர்ந்து வராவிட்டால் டேப் நிற்கும், பின்னால் சுற்றும், விட்ட இடத்தைப் பிடித்து மறுபடி ஓடும். பக்கத்தில் காதை வைத்தால் அந்த ‘விர்ர்… டக்… விர்ர்’ தெளிவாகக் கேட்டது. வேகம் போவதோடு டேப்பும் அதில் எழுதும் ஹெட்டும் தேயும். எனக்கு அதுதான் பெரிய கவலை.

இப்போது பேக்கப் முதலில் எஸ்எஸ்டிக்கு வருகிறது, அங்கிருந்து பெரிய ஃபைல்களாக டேப்புக்கு. பிளாக் அளவையும் (ஒரு தடவையில் டேப்பில் எழுதும் டேட்டாவின் அளவு) 64 கேபியிலிருந்து 1 எம்பி ஆக்கினேன். நேற்றிரவு வேகம் நொடிக்கு 290 எம்பிக்குக் கீழே இறங்கவில்லை, சத்தமும் ஒரே சீர். பிளாக் அளவை மாற்றுபவர்கள் பழைய அளவில் எழுதிய டேப் ஒன்றை ரீஸ்டோர் செய்து, இன்னும் படிக்க முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள், தயவுசெய்து.

ஒரு டேப்பின் கொள்ளளவு கேட்டவர்களுக்கு: டேப்பின் அட்டையில் போட்டிருக்கும் 30 டிபி, 2.5 மடங்கு கம்ப்ரஷன் கிடைத்தால்தான். ஜேபெக் ஏற்கெனவே சுருக்கியது, எனவே 12 டிபிதான் கொள்கிறது. அடுத்த தலைமுறையான எல்டிஓ-9இல் கம்ப்ரஷன் இல்லாமலே 18 டிபி உண்டு. ஆனால் அது எல்டிஓ-7 டேப்பைப் படிக்காது. எங்களிடம் அவை நிறைய இருப்பதால் இந்த டிரைவை விடப்போவதில்லை.